துண்டுக்குள் ஏறிய எறும்பு

எறும்புப் பொடி தூவினவன் நீதான். தலையை ஆட்டாதே. சந்தைத் திடலின் நாலு மூலையிலும், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும், வாகை மரத்து வேரிடுக்கிலும், கோலம் போடுகிறவள்கூட அத்தனை நிதானமாக இழுத்திருக்கமாட்டாள், அப்படி வெள்ளை வெள்ளையாக இழுத்து வைத்துவிட்டு, மறுநாள் காலையில் ஒன்றுமே அறியாதவன் மாதிரி வந்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தாயே, அந்த டீ உனக்கு எப்படித் தொண்டையில் இறங்கியது? எறும்புதானே செத்தது, அதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்பாய். குடிதான் முழுகியது. யாருடைய குடி என்று தெரிந்திருந்தால் நீ தூவியிருக்கமாட்டாய் என்று நம்புகிற அளவுக்கு ஒச்சம்மா உன்மேல் இன்னும் ஒரு பிடி மரியாதை வைத்திருக்கிறாள். அந்த ஒரு பிடி தீர்வதற்குள் முதலிலிருந்து கேள்.

ஏழூர்ச் சந்தையில் ஆடு மாடு விலை வாயால் பேசப்படுவதில்லை. வாங்குகிறவனும் விற்கிறவனும் கையோடு கை கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை கேட்பதும், விரலை மடக்கி மறுப்பதுமாக, வெளியே மழையைப் பற்றியும் மாப்பிள்ளையைப் பற்றியும் பேசிக்கொண்டே உள்ளே வியாபாரத்தை முடிப்பார்கள். துண்டுக்குள் நடப்பதைப் பார்க்கக் கூடாது. ஒருத்தன் துண்டை விரித்தால் பக்கத்தில் நிற்கிறவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். துண்டுக்குள் தெரிந்ததை வெளியே சொன்னவனுக்கு அப்புறம் அந்தத் திடலில் யாரும் கை நீட்டமாட்டார்கள். அந்தத் துண்டுக்குள் கையை விட்ட முதல் பொம்பளை ஒச்சம்மா. தழைக்கட்டு சுமந்து வந்தவள், ஆட்டுப்பல் பார்த்து வயசு சொல்லத் தானாகவே கற்றுக்கொண்டவள், மூன்று வருஷம் ஏமாந்து நாலாவது வருஷம் ஏமாற மறுத்தவள். அவள் விரலுக்கு ஈடாக விரல் பேசத் தெரிந்தவர் பக்கீர் ராவுத்தர் ஒருத்தர்தான். கோபம் வந்தால் அவள் போடுகிற சத்தத்தில் குட்டி பால்குடி மறக்கும், தொட்டித் தண்ணீரில் வட்டம் விழும் என்பார்கள்.

அவளுக்கு ஒரே மகள், பவுனுத்தாயி. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, சந்தை நிறைந்து நின்ற நேரத்தில், லாரியில் ஆடு ஏற்றிப் போகிற ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அந்தப் பெண் வந்து சொன்னாள். ஒச்சம்மா அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாதி கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. தன்னிடம் கேட்காமல் விலை முடித்துவிட்டாளே என்ற ஒன்றுதான் அவள் கண்ணை மறைத்தது. ஏழூரும் கேட்க, "இனிமே என் நிழலு விழுகுற எடத்துல உங் காலு படக் கூடாதுடி!" என்று கத்தினாள். பவுனு அம்மாவைப் பார்த்தாள், தரையில் நீண்டு கிடந்த அம்மாவின் நிழலைப் பார்த்தாள், அதிலிருந்து காலை எடுத்து வெளியே வைத்தாள், போனாள். தாயைக் கொண்ட மகள், சொல்லைத் தாண்டமாட்டாள். அதோடு அவள் எந்த ஊரில் இருக்கிறாள், இருக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

இனி எறும்பு வந்த கதை.

போன ஐப்பசியில், ஒரு புதன்கிழமை, ஒச்சம்மா மலையடிவாரத்துக்காரன் ஒருவனோடு ஒரு கிடாய்க்குத் துண்டு போட்டிருந்தபோது, ஒரு கட்டெறும்பு துண்டுக்குள் ஏறி அவள் மணிக்கட்டில் நின்றது. நின்றதும் எதிரே இருந்தவனின் முகம் போய்விட்டது. மீசை போய்விட்டது. அவன் இருந்த இடத்தில் வெதுவெதுப்பான ஒரு மலை நின்றது. உச்சி மேகத்துக்குள் போய் மறைந்த, உப்பு வழிகிற, அடிவாரம் மட்டும் விடாமல் நடுங்குகிற மலை. அந்த நடுக்கத்தின் ஊடே காய்ச்சல் கண்ட பிள்ளையின் வாந்தி வாசனையும், மருந்துக்கடை வாசனையும், இன்றைக்கு விற்காமல் வீட்டுக்குப் போக முடியாது என்கிற வாசனையும் நூல் நூலாக இறங்கி வந்தன. ஒச்சம்மா எறும்பைத் தட்டிவிட்டாள். முகம் திரும்பி வந்தது. ஆனால் விரலை மடக்க முடியவில்லை. அவன் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, ராவுத்தரிடம் வந்து, "அண்ணே, ஒரு எறும்பு எங்கிட்ட வழிப்பறி பண்ணிட்டுப் போயிருச்சு" என்று பொருமினாள்.

ராவுத்தர் ஆச்சரியப்படவில்லை. "உனக்கு எறும்பா? எனக்குக் காலையில ஈ, தங்கச்சி" என்றார். "தரகன் வாயத் தொறக்குறதுக்குள்ள நான் ஒரு வெத்தலையப் போட்டுத் துப்பிட்டேன். அம்புட்டு மெதுவா அசையுறான். பொய்யி தொண்டையில கெளம்பி, நாக்குல ஏறி, பல்லுகிட்ட வந்து நிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

இப்படித்தான் அது சந்தைக்குள் வந்தது. யார்மேல் எந்தப் பூச்சி உட்கார்ந்ததோ, உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அவர்களுக்கு எதிரே இருக்கிற மனிதர் அந்தப் பூச்சிக்குத் தெரிகிறபடி தெரிந்தார். ஏன் என்று இரண்டு வாரம் கேட்டார்கள். மூன்றாவது வாரம் ஆடு விற்க வேண்டியிருந்ததால் கேட்பதை விட்டுவிட்டார்கள். பூக்காரியின் தோளில் தேனீ உட்கார்ந்தபோது எதிரே வந்த கல்யாணப் பெண்ணை அவளால் பார்க்க முடியவில்லை. தலையில் வைத்த பூ மட்டும் விளக்குக்கடை மாதிரி எரிந்தது, அதைத் தாங்குகிற ஏதோ ஒரு கொம்பு கீழே நடந்து போனது. கொசு கடித்தவர்களுக்கு எதிரே நின்றவன் மூச்சும் சூடுமாக மட்டும் தெரிந்தான். மேலத்தெருச் சூடும் காலனிச் சூடும் அடுப்பில் அடுத்தடுத்து வைத்த இரண்டு பானை மாதிரி ஒன்றாகவே இருந்ததைப் பார்த்துவிட்டு, டீக்கடையில் காலங்காலமாகத் தனியாகத் தொங்கிய கண்ணாடி டம்ளரைக் கடைக்காரர் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கழுவி வைத்தார். ஆட்டுண்ணி ஏறியவர்களுக்கு உலகமே ஒரு காத்திருப்பாகவும், அதில் எப்போதாவது கடந்துபோகிற ஒரு கதகதப்பாகவும் ஆகிவிட, அவர்கள் மத்தியானம் வரை வேலியோரம் நின்றுவிட்டு, ஏன் நின்றோம் என்று தெரியாமல் வீட்டுக்குப் போனார்கள். சாணி உருட்டுகிற வண்டு காலில் ஏறிய ஒரு பிரமுகர்தான் பாவம். சந்தை முழுக்க அவருக்கு மனிதர் என்று எதுவுமே தெரியவில்லை. சாணி இருந்தது, சரிவு இருந்தது, சூரியன் இருந்தது. வண்டு பக்கத்து ஆள் காலுக்குத் தாவியபோது பிரமுகர் கேட்டாராம், "நான் எப்படித் தெரியுறேன்?" அந்த ஆள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "யாரு பேசுறது?" என்றானாம்.

சிரித்துச் சிரித்தே ஊர் அதைப் பழகிக்கொண்டது. சந்தைக் கமிட்டி கூடி, துண்டுக்குள் ஒரு கையில் எறும்பு இருந்தால் மறு கையிலும் எறும்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வியாபாரம் செல்லாது என்று சட்டம் போட்டது. ஒருவன் தீப்பெட்டியில் எறும்பு விற்றான். மிட்டாய்க்கடை எறும்புக்கு எல்லாரும் நல்லவர்களாகவே தெரிகிறார்கள் என்று வாங்கினவர்கள் திரும்பக் கொண்டுவந்து சண்டை போட்டார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்கள் தங்கள் வாசனை எந்தப் பூச்சிக்கும் எட்டாதபடி வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு வர, "என்ன சம்பந்தி, மறைக்கிறதுக்கு அம்புட்டு இருக்கா?" என்று வாசலிலேயே கேட்டார்கள். பொய் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். மெதுவாகியது.

ஒச்சம்மாவை மட்டும் யாரும் எறும்பு வழியாகப் பார்க்க விரும்பவில்லை. ஒரு நாள் ராவுத்தர் கையில் கட்டெறும்பு இருக்கும்போது அவள் குறுக்கே வந்துவிட்டாள். அவர் வெளிறிப்போய்க் கையை உதறினார்.

"என்னண்ணே, பேயப் பாத்த மாதிரி?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்கங்கிறேன்."

"இடி, தங்கச்சி" என்றார் ராவுத்தர். "மலைன்னாக்கூடப் பரவாயில்ல. நீ கோவப்படுறதுக்கு முன்னாடியே, அது உனக்குத் தெரியுறதுக்கும் முன்னாடியே, உள்ளங்காலு வழியா மண்ணு அதிருது. சுத்தி இருக்கிற எறும்பெல்லாம் முட்டையத் தூக்கிக்கிட்டு ஓடுது. நீ வாயத் தொறக்கையில அங்கன யாருமே இல்ல."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே புரட்டியிருப்பாள். அப்போது அவள் கண் தரைக்குப் போனது; அவள் காலைச் சுற்றி ஒரு முழத்துக்கு ஒரு எறும்புகூட இல்லை. வட்டமாக, சுத்தமாக, கூட்டிவிட்ட மாதிரி இருந்தது. அவள் வாகை மரத்தடிக்குப் போனாள். அங்கே, வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது, கடிக்கத் தெரியாத சின்னப் பிள்ளையார் எறும்பு ஒன்று மரத்திலிருந்து அவள் மணிக்கட்டில் விழுந்தது.

பிள்ளையார் எறும்பு மலையைப் பார்ப்பதில்லை. அதற்கு மனிதர் என்றால் உடம்பு இல்லை, வழி. அது அவள் கையில் ஊர்ந்த கணத்தில் சந்தையில் நின்ற அத்தனை பேரும் மறைந்து, அவர்கள் நடந்த வழிகள் மட்டும் தரையில் நூலாக மினுங்கின. இன்றைய வழி தடித்தும், போன வாரத்து வழி மெலிந்தும், செத்துப்போனவர்களின் வழிகள்கூட அங்கங்கே ஒரு இழை ஒட்டிக்கொண்டும், ஏழூர் மனிதரும் ஒரே தறியில் ஓடுகிற பாவு மாதிரிக் கிடந்தார்கள். அந்தப் பாவுக்குள் ஒரு நூலை ஒச்சம்மா அடையாளம் கண்டாள். பிறந்த அன்றைக்குச் சுற்றிய பழந்துணியில் அடித்த வாசனை அது. வளர்ந்து, தேங்காயெண்ணெய் ஏறி, வேற்றூர்த் தண்ணீர் கலந்து, மேலே புதிதாகத் தாய்ப்பால் வாடையும் ஒட்டிய நூல். பழைய நூல் இல்லை, அன்றைக்குக் காலையில் விழுந்தது. கிழக்கு வாசலில் நுழைந்து, தண்ணீர்த் தொட்டி மறைவில் வெகுநேரம் நின்று, அவள் முதுகுக்குப் பின்னால் வந்து, சட்டென்று நின்று, திரும்பிப் போயிருந்தது.

அடுத்த புதன்கிழமை அவள் எறும்பைக் கையில் வைத்துக்கொண்டே ஆடு பேசினாள். முதுகுக்குப் பின்னால் அந்த நூல் வந்து விழுவது தெரிந்ததும், அவளால் தாங்க முடியாமல், "அடியே!" என்று திரும்பினாள். கூட்டத்தின் வழிகள் இருந்தன, ஆடு இருந்தது, தூசி இருந்தது. நூல் அறுந்து கிழக்கு வாசலைத் தாண்டி ஓடியிருந்தது. பிறகு மூன்று வாரம் வரவில்லை. அந்த மூன்று வாரமும் ஒச்சம்மா யாரையும் திட்டவில்லை, ஊர் பயந்துபோனது.

நாலாவது வாரம் நூல் வந்தது. இந்த முறை அவள் திரும்பவில்லை. சந்தையில் ஆட்டை முதலில் உற்றுப் பார்க்கிறவன் தோற்றவன் என்று அவள்தானே மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்? பார்க்காமல் நின்று, வழியை மட்டும் எறும்பு சொல்லக் கேட்டாள். வாரா வாரம் நூல் கொஞ்சம் கிட்டே வந்து நின்றது. எங்கே நிற்கிறது என்று அவள் அளந்து பார்த்தாள். தன் நிழலின் விளிம்பில் நின்றது. சரியாக விளிம்பில், ஒரு விரல்கடைகூடத் தாண்டாமல். காலையில் வந்தவள் பத்து மணிக்கு வந்தாள், பிறகு பதினோரு மணிக்கு வந்தாள். நிழல் குறுகுகிற நேரமாகப் பார்த்து வந்தாள். சொன்ன சொல்லை மீறாமல் எத்தனை நெருங்க முடியுமோ அத்தனை நெருங்கினாள்.

"பேரம் பேசுறாண்ணே" என்று ஒச்சம்மா ராவுத்தரிடம் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எங்கிட்டயே."

"நீ சொன்னத நீயே வாபஸ் வாங்கிட்டா என்ன?"

"எம்புட்டுத் தூரம் வாராளோ வரட்டும். நான் வாயத் தொறந்தா ஓடிருவா. எறும்பக் கேட்டுப் பாருங்க."

மாசி போய்ப் பங்குனி வந்தது. சித்திரையில் ஒரு நாள் உச்சிப்பொழுதுக்குச் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். அன்றைக்கு மனிதர் நிழல் காலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், ஆடுகள் ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு நிற்கும். வெயிலில் பிழைக்கிறவர்களுக்கு அந்த நாள் தெரியும். அந்த வருஷம் அது புதன்கிழமையில் வந்தது. ஒச்சம்மாவுக்கு நிழலே இல்லாத ஒரு நாழிகை. அந்த ஒரு நாழிகையில் பவுனு எவ்வளவு கிட்டே வேண்டுமானாலும் வரலாம், தோள்மேல் கை வைக்கலாம், சொல் மீறாது. அந்த நாளுக்காக அவள் புதுத்துண்டு ஒன்று வாங்கி, கஞ்சி போகத் துவைத்து வைத்தாள். யாரிடமும் அவள் சொல்லவில்லை, ஏழூருக்கும் தெரிந்திருந்தது.

அதற்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ பொடி தூவினாய்.

ஏன் தூவினாய் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம் நீ அவளோடு துண்டு போட்டாய். இரண்டு கையிலும் எறும்பு, கமிட்டி சட்டப்படி. உன்னைப் பார்த்தால் பத்து ஊர் எழுந்து நிற்கும். எறும்புக்கு நீ எப்படித் தெரிந்தாய் என்று ஒச்சம்மா பார்த்துவிட்டாள். நீ பதறிக் கையை உருவிக்கொண்டாய். முட்டாள்! அவள் சொல்லியிருப்பாள் என்றா நினைத்தாய்? இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. உன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. துண்டுக்குள் தெரிந்தது துண்டுக்குள்தான். இதை மட்டும் சொல்கிறாள்: அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அழுவதற்கு முன்னால் பிள்ளை உதட்டைப் பிதுக்குமே, அந்த வாசனை எல்லாருக்கும்தான் இருக்கிறது. உனக்குக் கொஞ்சம் கூட.

புதன்கிழமை விடிந்தபோது திடல் வெள்ளைக் கோடுகளாகக் கிடந்தது. எறும்புகள் கடுகு கொட்டின மாதிரிக் கிடந்தன. ஈ இல்லை, தேனீ இல்லை, வண்டு இல்லை. சந்தைக்கு வந்தவர்கள் எதிரே வந்தவர்களின் முகத்தைப் பார்த்தார்கள். முகம் மட்டும்தான் இருந்தது. சிலருக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, ஒளிப்பானேன். பத்து மணிக்கெல்லாம் பொய் பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டது.

ஒச்சம்மா கத்தவில்லை. கத்தினால் எது ஓடுமென்று அவளுக்குத் தெரியும். வாகை மரத்தைவிட்டு வெளியே, நடு வெயிலில் போய், தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்றாள். நிழல் குறுகிக் குறுகிக் காலுக்குள் போனது. அது முழுக்கப் போனதும் அவள் புதுத்துண்டை எடுத்து, வலது கையை முதுகுக்குப் பின்னால் நீட்டி, அதன்மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரல்களை விரித்து வைத்துக்கொண்டாள். அவள் துண்டு விரித்ததை ஏழூர்ச் சந்தை பார்த்தது. ஆடுகள்கூடக் கத்தவில்லை. முதுகுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா, வரவில்லையா, ஒன்றும் தெரியவில்லை. இத்தனை மாதமாக எறும்பின் வழியாகவே மகளைக் கேட்டுப் பழகியவளுக்கு, அவளுடைய சொந்தக் காது செவிடாக இருந்தது.

துண்டுக்குள் ஒரு கை வந்தது.

சின்னக் கை. ஒரே ஒரு விரலைப் பிடித்தது, ஆள்காட்டி விரலை, முழுக் கையாலும். பிசுபிசுவென்று மிட்டாய் ஒட்டியிருந்தது. ஒச்சம்மா தன் வாழ்நாளில் பிடித்த அத்தனை கைகளிலும் அப்படி ஒரு கை விலை கேட்டதில்லை. ஒன்று என்றால் என்ன ஒன்று? ஒரு சொல்லா, ஒரு வருஷமா, ஒரு தரம் மன்னிப்பா? அவள் விரலை மடக்கவில்லை. மூச்சுவிடவில்லை. பிறகு அந்தக் கை போய்விட்டது. அவள் திரும்பியபோது நிழல் காலிலிருந்து ஒரு நெல்லளவு வெளியே வந்திருந்தது.

"யாருண்ணே? யாரு பெத்த பிள்ளை அது?" என்று ராவுத்தரின் சட்டையைப் பிடித்தாள்.

ராவுத்தர் கண் கலங்கி நின்றார். "நான் பாக்கலையே, தாயி. நீ துண்டு விரிச்ச. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்."

அவர் மட்டுமா? ஏழூரும் திருப்பிக்கொண்டது. டீக்கடைக்காரர், பூக்காரி, தீப்பெட்டி விற்றவன், அத்தனை பேரும் மரியாதையாக, ஒரே நேரத்தில், வேறு திசையைப் பார்த்து நின்றார்கள். அப்படித்தான் நிற்க வேண்டும், அதுதான் அங்கே முறை. அதனால் ஒருத்தரும் பார்க்கவில்லை. மிட்டாய்க்கடைப் பக்கம் விளையாடுகிற பிள்ளைகள் பத்து இருக்கும், எல்லாக் கையும் பிசுபிசுதான். அது அவளுடைய பேரப்பிள்ளையா, ஊரான் வீட்டுக் குறும்பா என்று சொல்ல ஒரு எறும்பு போதும். மிட்டாய் ஒட்டிய கை! வேறு எந்த நாளாக இருந்தாலும் எறும்பு தானாகவே ஓடி வந்திருக்கும்.

அதற்கப்புறம் ஒவ்வொரு புதன்கிழமையும் அவள் அதே இடத்தில் நிற்கிறாள். நூல் வருகிறதா, கிழக்கு வாசலிலேயே மருந்து நெடிக்குத் திரும்பிப் போகிறதா, தெரியாது. அந்த விரலை அவள் கழுவியும் கழுவாமலும் வைத்திருக்கிறாள். மடக்கிப் பேசுகிற வியாபாரத்துக்கு இப்போது மற்ற விரல்கள்தான்.

ஆகையால் கேள். ஆவணியில் சூரியன் இன்னொரு தரம் நேர் உச்சிக்கு வரும். அன்றைக்கும் அவளுக்கு நிழல் இருக்காது. அதற்குள் நீ வர வேண்டும். ஆளை அனுப்பாதே, உன் கையால் அந்தத் திடலைக் கழுவு. தொட்டித் தண்ணீரை நீயே சும. வேரிடுக்கில் கிடக்கிற வெள்ளையைத் துணியால் ஒற்றி எடு. நொய்யரிசியும் வெல்லமும் கொண்டுவந்து மரத்தடியில் வை. எந்த ஊரில், எந்தப் புற்றில் பிழைத்துக் கிடந்தாலும் தேடிக் கொண்டுவா. பத்து ஊர் பார்க்க வேண்டாம், அவள் துண்டை விரிக்கட்டும், எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்; உன் பெயர் வெளியே வராது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அவள் மணிக்கட்டில் ஒன்றே ஒன்று வை. கடிக்காத எறும்பு. ஒன்று போதும். வை.